மடங்கிய மூலை

அப்பாவின் காலை எடுக்கப்போகிறார்கள் என்பதை அவரிடம் யார் சொல்வது? அதைத் தீர்மானிக்கத்தான் நானும் எஸ்தர் அக்காவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து மூணு சீட்டு ஆடினோம். என் கையில் இரண்டு ராஜாக்கள்.

"நான் சீட்டைப் பாக்காமலே ஆடுறேன். தோத்தவங்க சொல்றதோட ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் போடணும்," என்று பந்தயத்தை ஏற்றினாள் அக்கா.

"சரி."

"அப்பாவக் கடைசிவரைக்கும் வீட்டுல வச்சுப் பாக்கவும் செய்யணும்."

ராஜாக்களை விரித்துக் கீழே போட்டேன்.

"ஜெயிச்சுட்ட தம்பி," என்றவள் தன் சீட்டுகளைத் திருப்பாமலே வார்டுக்குள் போனாள்.

அவற்றை எடுத்தேன். மூன்றிலும் ஒரு மூலை, கட்டைவிரலால் தூக்கிப் பார்த்த அளவுக்கு மடங்கியிருந்தது. திருப்பாமல் கட்டுக்குள் செருகினேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்கும்வரை கலைத்துக்கொண்டே இருந்தேன்.