பிஞ்சு அணுக்கள்

சிவப்பணுவின் நடுவில் கரும்பொட்டு இருந்தால் கோழி, இல்லையென்றால் நாய். சாரதாமணி கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். கால்நடை மருத்துவமனையில் ரசீது போட்டுக்கொண்டிருந்தவளை டாக்டர் நிலோஃபர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று ஒரு கோழியும், உண்ணிக் காய்ச்சலில் ஈறெல்லாம் வெளுத்துப்போன பூந்தி என்ற நாயும் வந்திருந்தன. பூந்தியின் பெயர் எழுதிய கண்ணாடித் தகட்டில் கரும்பொட்டுகள் தெரிந்தன. தகடுகளை மாற்றிவிட்டோம் என்று பதறியவள், யாரும் பார்க்குமுன் அதைக் கழுவித் துடைத்துவிட்டு, பிறகுதான் நாயின் தகட்டில் பொட்டு தெரிந்ததை டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"எல்லா அணுவுலயும் பொட்டு இருந்துச்சா, ஒண்ணு ரெண்டுலயா?"

"ஒண்ணு ரெண்டுலதாங்க."

"அப்ப அது பூந்தியோடதுதான்க்கா. ரத்தம் ரொம்பக் கொறைஞ்சா எலும்பு மஜ்ஜை பழுக்கறவரைக்கும் காத்திருக்காது, பிஞ்சையும் சேத்து அனுப்பிரும். பிஞ்சுலதான் அந்தப் பொட்டு இருக்கும். போய் இன்னொரு சொட்டு எடுத்துட்டு வாங்க."

சாரதாமணி ஊசியோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் பூந்தியை மடியில் வைத்திருந்த பெண்ணின் முகம் மாறியது.

"மறுபடியும் குத்தணுமா? அது ஒடம்புல இன்னும் என்னங்க இருக்கு எடுக்கறதுக்கு?"

பூந்தியின் காலைப் பிடிக்கலாம் என்று சாரதாமணி கையை நீட்டினாள். வீட்டில் கை கொடுக்கப் பழக்கியிருந்தார்கள் போல. பூந்தி தலையைத் தூக்காமலே முன்னங்காலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தது.