நாலு மூலை மஞ்சள்

"நாலு மூலைக்கும் மஞ்சள் வச்சாச்சு தம்பி. ஒரு கார்டைக்கூட விடல," என்றாள் அண்ணி இராஜம்மா. பிரிக்ஃபீல்ட்ஸ் தபால் நிலையத்துப் படியில் நின்று, இன்னும் சாயம் போகாத விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பத்திரிகையாக இருந்திருந்தால் விஜயன் அண்ணிக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டிருப்பான். மஞ்சள் ஏறியதோ, அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த கால்பந்து ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளில். மூன்று பெட்டி கார்டும் அப்போதுதான் கவுண்டரைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

விற்கிற கார்டுக்கு மூலைதான் உயிர். அதில் ஒரு மடிப்போ கறையோ இருந்தால் வாங்குகிறவன் கையால் தொடமாட்டான்.

அதற்காகத்தானே ரப்பர் பேண்ட் போட்டால் நசுங்கும் என்று, நூறு நூறாகக் காகிதப் பட்டை சுற்றினான். சந்து பொந்தெல்லாம் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவது போல அடுக்கினான். அவன் வேலைக்குப் போன சமயம் பார்த்து மகராசி அத்தனையையும் பிரித்து, பூசி, காயவைத்து, மறுபடி கட்டியிருக்கிறாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"பின்னே? உங்க கல்யாணத்துக்காக வீட்டை விட்டுப் போற கார்டு. மஞ்சள் வைக்காம மொட்டையாவா அனுப்புறது?"

கல்யாணத்துக்காகப் போகிற கார்டு என்பதென்னவோ உண்மைதான். போன மாதம் காஜாங்கில் தவமலரைப் பெண் பார்க்கப் போனார்கள். அவள் பலகாரத் தட்டை நீட்டும்போது ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அன்றிலிருந்து விஜயனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் கார்டு சங்கதி வெளியே வந்ததும் பெண்ணின் அம்மா முகம் சுண்டிவிட்டது. இந்த வயதிலும் படம் சேர்க்கிற மாப்பிள்ளைக்கா பெண் கொடுப்பது என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இடுப்பில் பேஜர் செருகியிருந்த அப்பா இராமலிங்கம் அவளுக்கும் ஒரு படி மேலே போனார். அந்தக் குப்பையை ஒன்று விடாமல் விற்றுவிட்டுத்தான் நிச்சயத்துக்கு வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மூலை மடங்காமல் இருந்தால் மொத்தமாக எடுக்கிற ஆள் ஒருவர் கிள்ளானில் இருக்கிறார் என்று தபால் பெட்டி எண்ணையும் அவரே கொடுத்தார். நேரில் போக வேண்டாம், அந்த ஆளுக்கு யாரும் வந்து பார்ப்பது பிடிக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

பார்சல் திரும்பி வந்தால் கார்டு வந்துவிடும், தவமலர் போய்விடுவாள். தெருவில் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டாலே விஜயனுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி மட்டும் மஞ்சள் கைவிடாது என்று சொல்லிக்கொண்டு, உற்சாகமாக நிச்சயத் தட்டுகளுக்கு ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பார்சல் திரும்பவில்லை. கிள்ளான் ஆளிடமிருந்தும் ஒரு தகவல் இல்லை. நிச்சய நாள் வந்துவிட்டது.

காஜாங் வீட்டில் ஒரே கும்மாளம். தவமலர் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் அதே சிரிப்பு. விஜயன் உருகிப்போய் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் விற்றாயிற்றா என்று மாமியார் கேட்டதற்கு, மாட்டைப் போலத் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்து இராமலிங்கம் வந்து தோளைத் தட்டினார். முகம் உர்ரென்று இருந்தது. "கொஞ்சம் உள்ள வாங்க, பேசணும்."

சமையலறையைத் தாண்டி, அரிசி மூட்டை கிடந்த ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கிள்ளான்காரர் எல்லாவற்றையும் இவர் காதில் போட்டுவிட்டார், கதை முடிந்தது என்று விஜயன் நினைத்தான்.

"அங்கிள், அது வந்து, எங்க அண்ணி தெரியாம..."

அவர் மஞ்சள் கறை ஏறிய விரல்களால் அவன் வாயைப் பொத்தினார். ஹாலில் மனைவியின் குரல் தூரத்தில்தான் கேட்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"அதை விடுங்க லா மாப்பிள்ளே. மஞ்சள் படாதது ஏதாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"