மூன்று விரல் தொய்வு

"போனை இன்னும் கீழ இறக்கு புள்ள. எனக்குச் செயின் தெரியல, உன் மூக்குதான் தெரியுது."

"மூக்கைப் பார்த்தா ஆகாதாக்கும்!" என்றபடி தர்ஷனா போனைப் பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தாள்.

கட்டாரில் வேலை பார்க்கும் யோகராஜுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் மாலை நாலு மணிக்குப் புசல்லாவை வீட்டுக்கு வீடியோ அழைப்பு வந்துவிடும். முதல் இரண்டு நிமிடம் மனைவிக்கு. மிச்சம் முழுவதும் பைக்குக்கு.

கல்லிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான பைக் அது. ஆசைப்பட்டு வாங்கி ஒரு வருடம்கூட ஓட்டவில்லை, விசா வந்துவிட்டது. புறப்படும்போது சாவியை அவள் கையில் வைத்து, "தம்பி கேட்டாலும் குடுக்காத. நான் வர்ற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது" என்று சத்தியம் வாங்கினான்.

சத்தியம் மூன்று மாதம் நின்றது.

பிறகு தர்ஷனாவுக்கு மலை உச்சியில் இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக இடமாற்றம் வந்தது. மண்சரிவில் பாதை உடைந்தபின் பஸ்ஸும் ஓட்டோவும் அங்கே போவதில்லை. அவளுக்கு முன் வந்த இரண்டு டீச்சர்மாரும் ஒரு மாதம் நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள், ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை.

தர்ஷனா திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிழமை நடந்தாள். அடுத்த கிழமை சாவியை எடுத்துவிட்டாள். லைசன் ஏற்கெனவே இருந்தது, தைரியம்தான் புதிது.

யோகராஜிடம், "நடந்தேதான் போறேங்க, ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லி வைத்திருந்தாள். தெரிந்தால் கத்துவான். சாவியைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிடுவான். அதோடு அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாவது டீச்சரும் இல்லாமல் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பாடசாலை விட்டு வந்த கையோடு பைக்கின் சேற்றைக் கழுவினாள். மீட்டர் பக்கம் போனைத் திருப்பவே மாட்டாள்.

"மண்ணெண்ண போட்டுத் தேச்சியா?"

"தேச்சாச்சு. எண்ணெயும் விட்டாச்சு."

"சரி, செயினுக்கு மேல இருக்கிற சட்டத்துக்கும் செயினுக்கும் நடுவுல விரலை விடு. எத்தன போகுது?"

"நாலு."

"மூணுதானே போகணும்? போன கிழமைதானே இறுக்குன?"

தர்ஷனா விரலை வெளியே எடுத்தாள். பதில் தயாராக இருந்தது. அவள் ஓட்டத் தொடங்கிய புதிதில் செயின் முதன்முதலாகத் தொய்ந்து நின்றபோது, அவள் முழி பிதுங்கி நிற்க, யோகராஜே காரணம் சொல்லியிருந்தான்: 'சும்மா நின்னா அப்புடித்தான் புள்ள, செயினும் சோம்பேறியாப் போயிரும்.' அந்தப் புண்ணியத்தில் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

"சும்மாவே நிக்குதில்ல, அதான்" என்றாள்.

"ஆமா ஆமா. ரொம்பவும் இறுக்கிறாத. இறுக்கமா இருந்தா குழியில விழுந்து ஏறுறப்ப அறுந்துரும்."

"எந்தக் குழியில?"

"நான் வந்து ஓட்டுறப்பத்தான், வேற யாரு? பிரேக்கையும் ஒருக்கா அமுத்திக் காட்டு. டயர்ல காத்து இருக்கா?"

"பொண்டாட்டிக்குத் தலவலியான்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா? செயினு, பிரேக்கு, டயரு!"

"உனக்கு வலிச்சா வாய் விட்டுச் சொல்லுவ. அதுக்கு வாய் இல்லையே."

"எனக்கு வாய் நீளம்னு சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்?" என்று சிரித்தவன், "பின்னாடி பல்லுச் சக்கரத்துல இருந்து செயினைப் பிடிச்சு இழு, பாப்போம்" என்றான். இழுத்தாள். செயின் பல்லை விட்டு எழும்பி வந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது.

யோகராஜின் சிரிப்பு நின்றது. "முடிஞ்சுபோச்சு. தேஞ்சு போன செயின் அது."

தர்ஷனா செயினை விட்டாள். தொய்வுக்குச் சோம்பேறித்தனம் காரணம். தேய்மானத்துக்கு என்ன சொல்வது? பதினாலு முகங்களும் கண்முன்னே வந்து போயின. இனிப் பொய் இல்லை, கெஞ்சித்தான் பார்க்க வேண்டும்.

"என்னங்க... நான் உங்கக்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் சொல்றத மொதல்ல கேளு. கண்டியில ரமேஸ் கடையில புதுச் செயின் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அவனே கொண்டுவந்து மாட்டிக் குடுப்பான்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு அவசரம்?"

"நிக்கிற வண்டியில எங்கயாவது செயின் தொய்யுமா, டீச்சரம்மா? திங்கக்கிழமை இந்தப் பழசோட அந்த மலையில ஏறிறாத."