சூறாவளியோடு இறுதிப் போட்டி

"தலை வெடிக்குது, ஒருத்தரும் என்னைக் கூப்பிடாதீங்க!" என்று மாமியார் வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மருமகள் ஹாலில் போனோடு உட்கார்ந்தாள்.

ஆன்லைன் ஆங்கில வகுப்பின் இறுதிப் போட்டி. போட்டியாளர்களுக்கு முகமும் குரலும் கிடையாது. புனைபெயரில் தட்டச்சு மட்டும். தினமும் தன்னை முந்துகிற 'சூறாவளி'யை இன்று மண்ணைக் கவ்வ வைக்காமல் அவள் விடுவதாயில்லை.

டீச்சர் ஆரம்பித்தார். "'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம்?"

"ஐ புட் அப் வித் மை மதர்-இன்-லா!" மருமகள் தட்டினாள். அந்தப் புள்ளியோடு அவளும் சூறாவளியும் சமநிலை.

"கடைசிக் கேள்வி. 'டர்ன் ஆஃப்', அதாவது அணைப்பது. இதுபோல் இன்னொரு சொற்றொடரையும் அதே வாக்கியத்தில் முதலில் சேர்ப்பவருக்கே கோப்பை."

மருமகள் நகம் கடித்தாள். சூறாவளியின் வரி வந்து விழுந்தது: "டர்ன் ஆஃப் த ஸ்டவ், த மில்க் இஸ் பாயிலிங் ஓவர்!"

"அருமை! 'பாயில் ஓவர்', பொங்கி வழிவது. கோப்பை சூறாவளிக்கே!"

தீய்ந்த வாசனை மூக்கைத் துளைக்க, மருமகள் சமையலறைக்கு ஓடினாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

பின்னால் கதவு திறந்தது. போனைக் கோப்பைபோல் தூக்கிப் பிடித்தபடி மாமியார் நின்றார்.

"தலைவலி பறந்துடுச்சு! இத்தனை நாளா யாரு யாரை 'புட் அப் வித்' பண்றாங்கன்னு இப்பத் தெரியுதா மருமகளே?"