கன்னியம்மாவுக்குப் பயமே கிடையாது

"ஏண்டி சொக்கம்மா, நாலு மாசமா நீ கொட்டாயில உக்காரவே இல்லியே, இன்னா சமாச்சாரம்?"

கன்னியம்மா இப்படிக் கேட்டதும், குழாயடியில் நிரம்பி வழிந்த குடத்தை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ராயபுரத்தில் அது பத்துக் குடித்தனம் இருந்த வீடு. நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிய பிறகு மிஞ்சியது நாலு குடித்தனம். மாதவிலக்கானவள் மூன்று நாள் பின்கட்டுக் கொட்டகையில் தனியாக உட்கார வேண்டும். குழாயைத் தொடக் கூடாது. அதனால் யாருக்கு எந்தத் தேதி என்பது எல்லாருக்கும் மனப்பாடம். கன்னியம்மாவுக்குத் தன் பெயர் மறந்தாலும் அடுத்தவள் தேதி மறக்காது.

சொக்கம்மாவின் புருஷன் லோகநாதன் ரங்கூன் துறைமுகத்தில் வேலைக்குப் போய் ஒரு வருஷமாகிறது. மார்கழியில் அங்கே குண்டு விழுந்ததோடு கடிதம் நின்றது. அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை அக்கா என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"ரங்கூன்ல குண்டு வுழுந்தா ராயபுரத்துல இது நிக்குமா? யாருகிட்ட காது குத்துற? ஆளு பேரச் சொல்லு."

சொல்வதற்குப் பேர் இருந்தால்தானே.

கன்னியம்மா தாலி அறுத்து ஆறு வருஷம். வயது முப்பத்தாறு. ஒருத்தன் தன்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு ஞாபகப்படுத்துவாள். மார்கழியிலிருந்தே ஒத்திகைக்கு அபாயச் சங்கு ஊதியபோதும், ஊரே ஓடியபோதும் அவள் நகரவில்லை. குண்டு வந்தால் வரட்டும், நான் என்ன பயந்தாங்கொள்ளியா என்று, ஓடினவர்களைத் தெருமுனை வரை போய்ச் சிரித்து வழியனுப்பியவள். அந்த வீட்டின் மானத்தையும் சென்னைத் துறைமுகத்தையும் அவள் ஒருத்திதான் தாங்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் வீட்டுக்காரர் தாவூது சாயபுவிடம் போயிற்று. அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், தப்பு என்றால் நாளைக்கே அறையைக் காலி செய்யட்டும் என்றார்.

சொக்கம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. அதைவிட, லோகநாதன் உயிரோடு திரும்பினால் இந்த விலாசத்துக்குத்தான் வருவான்.

தீர்ப்பைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று கன்னியம்மாவே துணைக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் கற்பைப் பற்றிப் பேசினாள். தாங்க முடியாமலோ என்னவோ, ரிக்‌ஷாக்காரன் வேகமாக இழுத்தான்.

ஊரைவிட்டு ஓடாமல் இருந்த ஒரே லேடி டாக்டர் சொக்கம்மாவை நன்றாகப் பரிசோதித்தார். புருஷனைப் பற்றி விசாரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"வயித்துல ஒண்ணும் இல்லை. மனசுல பெரிய கிலி பிடிச்சா, மூளை, சுரப்பிகளுக்கு உத்தரவு கொடுக்கறதை நிறுத்திடும். ஹார்மோன்னு ரத்தத்துல ஒண்ணு ஓடுது, அது குறைஞ்சுபோகும். மாதவிலக்கும் நின்னுடும். யுத்தம் நடக்கிற ஊர்ல எல்லாம் பெண்களுக்கு இப்படி ஆகுது. மனசு தேறினா தானா வரும்."

கன்னியம்மா விடுவதாக இல்லை. "வெறும் பயத்துலயே நின்னுடுமா? ஆம்பள வாடையே இல்லாம?"

"நிக்கும்மா."

"நெசமாத்தான் சொல்றியா?"

மூன்று தடவை கேட்டாள். சொக்கம்மா கூனிக் குறுகிப்போனாள். டாக்டரம்மா ஒரு டானிக்கும், சாயபுவிடம் காட்ட ஒரு சீட்டும் கொடுத்தார். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். அறை தப்பித்தது.

கன்னியம்மா மட்டும் வெளியே வரவில்லை. இன்னும் என்ன குறுக்கு விசாரணையோ என்று சொக்கம்மா திரைக்குப் பக்கத்தில் காதை வைத்தாள்.

அந்த வீட்டில் யாருமே கேட்டிராத சின்னக் குரலில் கன்னியம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"அதே மருந்த எனக்கும் குடும்மா. அபாயச் சங்கு ஊதுன நாள்லருந்து எனக்கும் நின்னுபூட்ச்சு. வூட்ல தெரிஞ்சா மானம் பூடுமேன்னு, மாசாமாசம் சும்மானாச்சும் கொட்டாயில போயி உக்காந்துகினு கீறேன்."