இருபத்திரண்டு நாள்

"கேஸ் இருக்கு. கரண்ட் இருக்கு. கக்கூஸ் போன வருஷம் கட்டிட்டோம்."

கணக்கெடுக்க வந்த சுடர்விழி கேட்பதற்கு முன்பே பாக்கியலட்சுமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பும் ஒரு பெண் வந்து இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

முத்தியால்பேட்டையில் அந்தச் சந்தில் ஏழாவது வீடு, கடைசி வீடு அது. எந்தப் பகுதியில் வறுமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கும் கணக்கெடுப்பு. ஒரு வீட்டில் மூன்று குறை இருந்தால் டேப்லெட்டில் அந்த வீடு சிவப்பு. இரண்டுதான் என்றால் பச்சை. சிவப்பு வீடுகளின் பெயர்தான் கல்வீடு கட்டும் உதவிக்குப் போகும்.

இந்த வீட்டில் இரண்டு குறை நிச்சயம். தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட், அதில் மூன்று இடத்தில் விரிசல். பத்தாவதைத் தாண்டியவர் யாரும் இல்லை. மில் மூடியபின் ரெட்டியார்பாளையத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போகும் புருஷனும் இல்லை, பீச் பக்கம் ஓட்டலில் பாத்திரம் கழுவும் இவளும் இல்லை.

மூன்றாவது கேள்வியைச் சுடர்விழி கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். தலையைத் தூக்காமல் படித்தாள்.

"கடந்த ஐந்து வருடத்தில் இந்த வீட்டில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் யாராவது இறந்திருக்கிறார்களா?"

"விஜய்," என்றாள் பாக்கியலட்சுமி. "ஆகஸ்ட் இருபத்தெட்டு, அஞ்சு வருஷம் ஆச்சு. காய்ச்சல். பதினோரு வயசு."

ஆஸ்பத்திரியில் பலமுறை சொல்லிப் பழகிய மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம்.

சுடர்விழி தேதியை அடித்தாள். இன்று செப்டம்பர் பத்தொன்பது. கீழே ஒரு வரி வந்தது: ஐந்து வருடம் கடந்துவிட்டது, கணக்கில் சேராது. வீடு பச்சையானது.

பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள். "பச்சை நல்லதாம்மா?"

"அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தாத்தான் சேத்துக்குவாங்கக்கா. இருபத்திரண்டு நாள் தாண்டிடிச்சி."

"எது தாண்டிடிச்சி?"

சுடர்விழி தேதிக் கட்டத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"போன தடவ சேந்திச்சே," என்றாள் பாக்கியலட்சுமி. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சுடர்விழி எழுந்து கிளம்பியிருப்பாள்.

"மாசத்த மட்டும் ஒண்ணு தள்ளிப் போட்டுடறேன்க்கா," என்றாள். "யாரும் பாக்கப் போறதில்ல."

எட்டு என்று இருந்ததை ஒன்பதாக்கினாள். வீடு சிவப்பானது. பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் இருந்த எண்ணும் தானாகவே மாறியது.

"பதினொண்ணு பன்னெண்டாயிடிச்சே," என்றாள் பாக்கியலட்சுமி.

"பொறந்த தேதி செப்டம்பர் பதினொண்ணுன்னு இருக்கில்லக்கா. அதான், வயச அதுவா கூட்டிக்குது."

பாக்கியலட்சுமி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் விரல் பட்டால் எண் மாறிவிடுமோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். திரை தானாக அணைந்தது. சுடர்விழி மறுபடி தொட்டு எரியவைத்தாள். பாக்கியலட்சுமி மறுபடியும் பார்த்தாள்.

சுடர்விழி கிளம்பியபோது வாசல்வரை கூடவே வந்தாள்.

"யாராச்சும் வந்து விசாரிச்சா, அந்தப் பொறந்தநாளுக்குக் கேசரி கிண்டினேன்னு சொல்லிடறேம்மா."

சுடர்விழி தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

"புதுத்துணி எடுத்தீங்களான்னு கேட்டா, நீலச் சட்டைன்னு சொல்றேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அவன் நீலம்தான் கேப்பான்."

சந்து முனையில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் சாவி போடும்போது போன் அடித்தது. சூப்பர்வைசர் தெய்வசிகாமணி. அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர்.

"அந்த ஏழாவது வீட்டுப் பையன், போன ரவுண்டுல ஆகஸ்ட்னு இருக்கு. நீ செப்டம்பர்னு போட்டிருக்க. செத்த தேதி எப்படிம்மா மாறும்?"

"தப்பா அடிச்சிட்டேன் சார்."

"பரவால்ல, இப்பவே சரி பண்ணிடு. அங்க அந்த ஒரு வீடுதான் சிவப்பா நிக்குது."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தாள். ஒன்பதை அழித்து எட்டு என்று போட்டாள். பன்னிரண்டு பதினொன்றானது. வீடு பச்சையானது. அதோடு அந்தச் சந்து முழுக்கப் பச்சை.

திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ஏழு வீடு தூரம்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

தெய்வசிகாமணி இன்னும் போனை வைக்கவில்லை. "ஆமா, அந்தச் சந்து உன் ஆகஸ்ட் லிஸ்ட்ல இருந்ததாச்சே. எதுக்கு இவ்ளோ நாள் தள்ளிப் போட்ட?"

"அப்ப உடம்பு சரியில்ல சார்."

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் இருபதாம் தேதி மதியம், இருபத்தெட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போதே, இதே சந்து முனை வரைக்கும் அவள் வந்திருந்தாள். நல்ல வெயில். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.