அரை நொடி வாப்பா

நான் மஸ்கட்டில் கையுறையை மாட்டினால், காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு இயந்திரக் கை கரண்டியைத் தூக்கும். மகள் நூராவுக்கு மதியச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. அவள் சட்டென்று முகத்தைத் திருப்புவாள். அரை நொடி பிந்தி வரும் கை கன்னத்தில் சோற்றைப் பூசும். அவள் சிரிப்பாள், அப்போது ஏதோ இரண்டு வாய் உள்ளே போகும்.

இந்தத் தாமதத்தைப் போக்கவே என் மனைவி ஜுவைரியா புதுப்புது இணைய ரௌட்டர்களை வாங்கி மாட்டிப் பார்த்தாள். ஒன்றில் வேகம் அபாரம், என் திரையில் சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணலாம். இன்னொன்று மொட்டைமாடி வரை எட்டியது. அந்த அரை நொடி மட்டும் போகவில்லை. மூன்றாவதில் தாமதமே இல்லை. நூரா திரும்பிய பக்கமெல்லாம் கரண்டியும் கூடவே போய் நின்றது.

அவள் கரண்டியை வெறித்துப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"மச்சான், உங்கள ஏமாத்துற சந்தோஷத்துலதான் இவ இத்தன நாளும் சாப்பிட்டிருக்கா," என்றாள் ஜுவைரியா. "பழசையே மாட்டிரவா?"

வேண்டாம் என்றேன். மறுநாள் வேண்டுமென்றே கரண்டியைப் பிந்தி நீட்டினேன். சோறு கன்னத்தில் அப்பியது.

"வாப்பா தோத்தாச்சு," என்று நூரா வாய் நிறையச் சிரித்தாள். அந்த வாய் மூடுவதற்குள் அடுத்த கரண்டியை உள்ளே வைத்துவிட்டேன்.

அதற்குத்தான் புது ரௌட்டர்.